சீட் எண் இல்லாத விமானங்கள் ஏன் மறைந்தன? எண் போட்ட சீட்டுக்குக் காசு கொடுக்கலாமா?

கேட்டிருப்பது மூன்று விஷயம். முன்பு சில குறைந்த கட்டண விமானங்களில் போர்டிங் பாஸில் சீட் எண்ணே இருக்காது, முதலில் ஏறியவர் பிடித்த இடத்தில் உட்காரலாம். அந்த முறை ஏன் போனது? இப்போது எண் கொடுக்கிறார்கள், ஆனால் நல்ல எண்ணுக்குத் தனியாகக் காசு கேட்கிறார்கள். இரண்டில் பயணிக்கு எது நல்லது? கடைசியாக, அந்தக் காசைக் கொடுக்கத்தான் வேண்டுமா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்களை வேகமாக ஏற்றுவதற்கு ஓபன் சீட்டிங், அதாவது சீட் எண் இல்லாமல் ஏற்றுவது, நல்ல முறை. வேகம் குறைந்ததால் அதைக் கைவிடவில்லை, வருமானத்துக்காகக் கைவிட்டார்கள். பயணி பக்கம் நின்று பார்த்தால் எண் போட்ட சீட்டே மேல் என்பது என் கருத்து. ஆனால் சேர்ந்து போகிறவர்களைப் பிரித்து உட்காரவைத்துவிட்டு, சேர்த்து வைக்கக் காசு கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இனி விரிவாக.

ஓபன் சீட்டிங்கின் கதை பெரும்பாலும் சவுத்வெஸ்ட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கதை. 1971 ஜூனில் டெக்சாஸ் மாநிலத்துக்குள் டல்லஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோ என்ற மூன்று நகரங்களுக்கு இடையே அது பறக்கத் தொடங்கியது. கையில் பணம் போதவில்லை. 1972-இல், இருந்த நான்கு போயிங் 737-களில் ஒன்றை விற்க வேண்டி வந்தது. ஆனால் நான்கு விமானங்களுக்குப் போட்ட அட்டவணையைக் குறைக்க அவர்களுக்கு மனமில்லை. மூன்றை வைத்து அதே அட்டவணையை ஓட்ட வேண்டுமென்றால், வந்து நின்ற விமானம் 10 நிமிடத்தில் மறுபடி கிளம்ப வேண்டும். ஆட்கள் இறங்கி, பைகள் மாறி, அடுத்த ஆட்கள் ஏறி, கதவு மூட மொத்தம் 10 நிமிடம். இந்த டர்ன்அரவுண்ட் கணக்குதான் பிற்பாடு உலகெங்கும் குறைந்த கட்டண நிறுவனங்களுக்கு அடிப்படையானது. விமானம் தரையில் நிற்கும்போது காசு வருவதில்லை. ஒரு நாளைக்கு ஒரு பயணம் கூடுதலாக ஓட்டினால் அதே விமானம், அதே குத்தகைச் செலவில், இன்னும் நூற்றுக்கும் மேற்பட்ட டிக்கெட்டுகளை விற்றுத் தரும்.

அந்த வேகத்துக்கு சீட் எண் இடைஞ்சலாக இருந்தது. கவுன்ட்டரில் யாருக்கு எந்த சீட் என்று பார்த்துப் போடுவதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும். கடைசி நேரத்தில் வேறு வகை விமானம் மாறி வந்தால் போட்ட எண்ணெல்லாம் வீண். சவுத்வெஸ்ட் எண் பொறித்த பிளாஸ்டிக் அட்டைகளைக் கொடுத்து, கேட்டில் திரும்ப வாங்கி, அடுத்த பயணத்துக்கு அதையே பயன்படுத்தியது. அந்த எண் சீட்டுக்கானதே இல்லை, ஏறும் வரிசைக்கானது.

எண் இல்லாமல் ஏறினால் ஏன் வேகம் கூடுகிறது என்பதை விமானத்துக்குள் நின்று பார்த்தால்தான் புரியும். 14-ஆம் வரிசைக்குப் போக வேண்டியவர் வருகிறார். 9-ஆம் வரிசையில் ஒருவர் பையைத் தலைக்கு மேல் தூக்கி, அது உள்ளே போகாமல், திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எண் போட்ட விமானத்தில் பின்னால் வருபவர் நின்றுதான் ஆக வேண்டும். அவருக்குப் பின்னால் கதவு வரைக்கும், ஏரோபிரிட்ஜ் வரைக்கும் எல்லாரும் நிற்பார்கள். அந்த நேரத்தில் 1 முதல் 8 வரையுள்ள வரிசைகளில் அவர்களில் பலர் உட்காரவும் முடியாது, ஏனென்றால் அது அவர்கள் சீட் இல்லை. எண் இல்லாத விமானத்தில் அதே ஆள் சுற்றிப் பார்த்து, 8-ஆம் வரிசையில் சட்டென்று நுழைந்துவிடுவார். நடைபாதை தானாகவே காலியாகும். யாரும் திட்டமிடாமலே கூட்டம் தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக்கொள்கிறது.

இதற்குச் சோதனைகளும் உண்டு. ஜேசன் ஸ்டெஃபன் என்ற வானியற்பியலாளர் 2008-இல் விமானம் ஏறும் முறைகளைக் கணினியில் கணக்கிட்டு ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். பிறகு ஒரு மாதிரி விமானத்தில் 12 வரிசை, 72 பேரை வைத்து நேரடியாகவே சோதித்து 2011-இல் முடிவுகளை வெளியிட்டார். எல்லாருக்கும் எண் போட்ட சீட்தான். ஏறும் வரிசை மட்டும் மாறும். பின்வரிசையில் தொடங்கி வரிசை வரிசையாக முன்னால் வரும் முறைக்கு 6 நிமிடம் 11 வினாடி பிடித்தது. எந்த ஒழுங்கும் இல்லாமல் கலந்து ஏறச் சொன்னபோது 4 நிமிடம் 44 வினாடி. அவரே வகுத்த முறையில், அதாவது ஒரே பக்க ஜன்னலோரக்காரர்கள் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாக முதலில் ஏறுவது என்று போகும் முறையில், 3 நிமிடம் 36 வினாடி. ஆக, ஒழுங்கு என்று நாம் நினைக்கும் ‘கடைசி வரிசைக்காரர்கள் முதலில்’ என்ற முறை, கலந்தடித்து ஏறுவதைவிட மெதுவானது. காரணம் எளிது: பின்வரிசை ஆட்கள் எல்லாரும் ஒரே இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு பை வைக்கிறார்கள், முன்பாதி நடைபாதை சும்மா கிடக்கிறது.

2014-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று முழு அளவில் இதைச் சோதித்தது. பின்னாலிருந்து முன்னால் ஏறும் முறைக்கு 24 நிமிடத்துக்கு மேல் ஆனது. சீட் எண்ணே இல்லாமல் ஏறியபோது ஏறத்தாழ 14 நிமிடம். வேகத்தில் முதலிடம். ஆனால் ஏறியவர்களிடம் திருப்தி பற்றிக் கேட்டபோது அந்த முறைக்கு மதிப்பெண் பூஜ்யத்துக்கும் கீழே போனது. விஷயத்தின் முழு முடிச்சும் இங்கேதான் இருக்கிறது. வேகத்தின் பலன் நிறுவனத்துக்கு, பதற்றம் பயணிக்கு.

அந்தப் பதற்றம் மனப்பிரமை இல்லை, கணக்கிலேயே இருக்கிறது. போயிங் 737-ஓ ஏர்பஸ் ஏ320-ஓ, ஒரு வரிசையில் பக்கத்துக்கு மூன்று சீட். 180 சீட் உள்ள விமானத்தில் 60 சீட் நடு சீட். விமானம் பாதி காலியாகப் பறந்தால் நடு சீட்டில் யாரும் உட்கார வேண்டியதில்லை. ஓபன் சீட்டிங் இனிமையாகவே இருக்கும். ஆனால் இன்று விமானங்கள் காலியாகப் பறப்பதில்லை. 2024-இல் உலகளவில் சராசரியாக 83 சதவீதத்துக்கு மேல் சீட்டுகள் நிரம்பியிருந்தன. அப்படி நிரம்பும் விமானத்தில் முதல் 120 பேர் ஜன்னலோரமும் நடைபாதை ஓரமுமாகப் பிடித்துவிட்டால், மீதிப்பேர் ஒவ்வொருவரும் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவரை எழுப்பித்தான் நடுவில் போக வேண்டும். கடைசியில் ஏறும் கணவன் மனைவிக்கு அடுத்தடுத்த சீட் இருக்காது. குழந்தையோடு வருபவர் நிலைமை இன்னும் மோசம். பக்கத்து சீட்டில் பையை வைத்துத் துண்டு போட்டு இடம் பிடிப்பவர்களும், வருகிறவர் கண்ணைப் பார்க்காமல் தூங்குவதுபோல் சாய்ந்துகொள்பவர்களும் இந்த நெருக்கடியில் உருவானவர்கள்தான். அவர்களைக் குறைசொல்வதைவிட, அந்த நிலையில் அவர்களை வைத்த முறையைக் கேள்வி கேட்பது நியாயம்.

பயத்தை உண்டாக்கிவிட்டால் அதற்கு மருந்தையும் விற்கலாம். ஐரோப்பாவில் ஈஸிஜெட் ‘ஸ்பீடி போர்டிங்’ என்று காசு வாங்கிக்கொண்டு முதலில் ஏறவிட்டது. ரையன்ஏர் ‘பிரயாரிட்டி போர்டிங்’ விற்றது. இதில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. விமானம் தூரத்தில் நின்றால் எல்லாரையும் பேருந்தில் ஏற்றிக் கொண்டுபோவார்கள். முதலில் பேருந்தில் ஏறியவர் உள்ளே தள்ளப்படுவார். கடைசியில் ஏறியவர் கதவோரம் நிற்பார். கதவு திறந்ததும் கடைசியில் ஏறியவரே முதலில் படிக்கட்டில் கால் வைப்பார். காசு கொடுத்தவருக்குக் கொடுத்த காசு போனதுதான் மிச்சம்.

சவுத்வெஸ்ட் இதை இன்னும் நுணுக்கமாகச் செய்தது. ஏ, பி, சி என்று மூன்று குழு. 2007 இறுதியில் ஒவ்வொரு குழுவிலும் 1 முதல் 60 வரை எண்ணும் கொடுத்து, அந்த எண் வரிசையில் நிற்கவைத்தது. முதல் 15 இடங்கள் விலை உயர்ந்த டிக்கெட்காரர்களுக்கு. மற்றவர்களுக்கு, யார் முதலில் செக்-இன் செய்கிறார்களோ அவர்களுக்கு நல்ல எண். விமானம் கிளம்ப சரியாக 24 மணி நேரம் இருக்கும்போது செக்-இன் திறக்கும். மக்கள் அலாரம் வைத்துக்கொண்டு போனைப் பிடித்தபடி காத்திருப்பார்கள். ஒரு நிமிடம் தாமதித்தாலும் எண் பின்னுக்குப் போய்விடும். 2009-இல் ‘எர்லிபேர்ட்’ என்ற பெயரில் அந்த அலாரத்தையும் விற்கத் தொடங்கினார்கள்: ஆரம்பத்தில் 10 டாலர் கொடுத்தால் உங்களுக்காகத் தானாகவே முன்கூட்டிச் செக்-இன் ஆகிவிடும். ஆகவே ‘ஓபன் சீட்டிங்கில் சீட்டுக்குக் காசு இல்லை’ என்று ஏக்கத்தோடு சொல்பவர்களுக்கு ஒன்று நினைவூட்ட வேண்டும். சீட்டுக்கு இல்லை, வரிசைக்குக் காசு இருந்தது. அந்தக் காசைக் கொடுத்தும் எந்த சீட் கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

ஆன்லைன் செக்-இன் வந்தபிறகு சீட் போடுவதற்கு ஆளும் தேவையில்லை, நேரமும் தேவையில்லை. ஓபன் சீட்டிங்குக்கு இருந்த பழைய காரணம் அங்கேயே செத்துவிட்டது. மிஞ்சியது ஏறும் வேகம் மட்டும். ஈஸிஜெட் 2012-இல் சில தடங்களில் எண் போட்டுச் சோதித்துப் பார்த்து, நேரம் தவறவில்லை என்று தெரிந்ததும் அந்த நவம்பரிலேயே எல்லா விமானங்களுக்கும் கொண்டுவந்தது. ரையன்ஏர் 2014 பிப்ரவரி 1 முதல். தனியாக நின்றது சவுத்வெஸ்ட். எலியட் என்ற முதலீட்டு நிறுவனம் பங்குகளை வாங்கி வருமானத்தைக் கூட்டச் சொல்லி நெருக்கிக்கொண்டிருந்த 2024 ஜூலையில், அதுவும் மாறப்போவதாக அறிவித்தது. தன் பயணிகளில் 80 சதவீதம் பேர் எண் போட்ட சீட்டையே விரும்புகிறார்கள் என்று காரணமும் சொன்னது. 2026 ஜனவரி 27 முதல் அங்கும் சீட் எண்தான்.

இதில் பலர் கவனிக்காத தொடர்பு ஒன்று இருக்கிறது: பை. சவுத்வெஸ்ட் நெடுங்காலம் இரண்டு பெரிய பைகளை இலவசமாக ஏற்றியது. அதனால் ஆட்கள் கைவீசி உள்ளே வந்தார்கள், விரைவாக ஏறினார்கள். மற்ற நிறுவனங்கள் பைக்குக் காசு வாங்கத் தொடங்கியதும் எல்லாரும் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கத் தொடங்கினார்கள். வரிசையில் முன்னால் நிற்பதன் பொருளே மாறியது. இன்று கேட்டில் முண்டியடிப்பவர்கள் சீட்டுக்காக முண்டியடிப்பதில்லை, சீட் எண் கையில் இருக்கிறது. பை வைக்கும் இடத்துக்காக முண்டியடிக்கிறார்கள். 1970-களில் இருந்த ஏறும் வேகம் பாதிக்குமேல் குறைந்து, நிமிடத்துக்கு 9 பேர் என்ற அளவுக்கு இறங்கிவிட்டது என்று போயிங் 1990-களின் இறுதியிலேயே சொன்னது. சவுத்வெஸ்டும் 2025 மே 28 முதல் பெரும்பாலான டிக்கெட்டுகளுக்குப் பைக் கட்டணம் போட்டது. இலவசப் பையும் எண் இல்லாத சீட்டும் எட்டு மாத இடைவெளியில் அடுத்தடுத்துப் போனது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒன்று போனால் மற்றது நிற்பது கடினம்.

இனி காசு. சீட் எண் வந்ததும் ஒவ்வொரு சீட்டும் தனித்தனி விலைப்பொருள் ஆனது. முன்வரிசைக்கு ஒரு விலை, அவசர வழி வரிசைக்கு ஒரு விலை, ஜன்னலோரத்துக்கு ஒரு விலை. அமெரிக்க செனட் துணைக்குழு 2024 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, ஐந்து நிறுவனங்கள் 2018 முதல் 2023 வரை சீட் கட்டணமாக மட்டும் 1,240 கோடி டாலர் ஈட்டியிருக்கின்றன. இந்தத் தொகையைப் பார்த்தபின், ஏறும்போது மிச்சமாகும் சில நிமிடங்களுக்காக எந்த நிறுவனமும் ஓபன் சீட்டிங்குக்குத் திரும்பாது.

காசு கொடுக்காதவருக்கு என்ன சீட் போடுகிறார்கள் என்பதில்தான் எனக்குக் கோபம். 2017-இல் ரையன்ஏர் பற்றி இந்தப் புகார் பெரிதாக எழுந்தது: ஒன்றாக டிக்கெட் எடுத்தவர்களைப் பிரித்துப் போடுகிறார்கள் என்று. பிபிசி நிகழ்ச்சி ஒன்று நான்கு பெண்களை நான்கு பயணங்களுக்கு அனுப்பிப் பார்த்தது. ஒவ்வொரு முறையும் நால்வருக்கும் நடு சீட்டே வந்தது. உண்மையிலேயே குலுக்கல் முறையில் போட்டால் அப்படி நடக்க 54 கோடியில் ஒரு வாய்ப்புதான் என்று புள்ளியியல் நிபுணர் கணக்கிட்டார். நிறுவனமோ தன் முறை மாறவில்லை, குலுக்கல்தான் என்றது; காசு கொடுத்துப் பிற பயணிகள் ஜன்னலோரத்தையும் நடைபாதை ஓரத்தையும் எடுத்துக்கொள்வதால் மிஞ்சுவது நடு சீட் என்றும் விளக்கியது. அந்த விளக்கத்திலேயே விஷயம் இருக்கிறது. விற்கக்கூடிய சீட்டுகளைக் கடைசிவரை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், மீதியில்தான் குலுக்கல்.

குழந்தைகள் விஷயத்தில் அரசுகள் தலையிட வேண்டியிருந்தது. 12 வயதுக்குட்பட்ட குழந்தையை, அதே பிஎன்ஆரில் உள்ள பெற்றோரில் ஒருவர் அல்லது பாதுகாவலர் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டும் என்று இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஏப்ரலில் உத்தரவிட்டது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையும் அதே ஆண்டு இதற்கான விதியை முன்மொழிந்தது. பக்கத்தில் பெற்றோர் இல்லாத குழந்தை, அவசரமாக வெளியேற வேண்டிய நேரத்தில் அம்மாவைத் தேடும். அம்மா எதிர்த்திசையில் குழந்தையைத் தேடி வருவார். பாதுகாப்புக்கான ஏற்பாட்டைக் கூடுதல் வசதி என்று விலைபோடக் கூடாது. கால் நீட்ட இடம் வேண்டுமா, முதலில் இறங்க வேண்டுமா, அதற்குக் காசு வாங்கட்டும், நியாயமான வியாபாரம். குழந்தையும் பெற்றோரும் சேர்ந்து உட்காருவதை அந்தப் பட்டியலில் சேர்ப்பது தவறு.

சரி, நீங்கள் காசு கொடுக்கலாமா? தனியாக, ஒன்றிரண்டு மணி நேரப் பயணம் என்றால் வேண்டாம். ஆறடிக்கு மேல் உயரம், முழங்கால் வலி, இறங்கியதும் அடுத்த விமானத்துக்கு ஓட வேண்டிய நிலை என்றால் கொடுங்கள். அது பயன்படும் காசு. இருவராகப் போகிறீர்கள், பிரிந்து உட்கார்ந்தாலும் பரவாயில்லை என்றால் கொடுக்காதீர்கள். ஆனால் எத்தனை பேர் போனாலும் எல்லாரையும் ஒரே பிஎன்ஆரில் போடுங்கள். தனித்தனியாக எடுத்தால் நீங்கள் ஒரே குடும்பம் என்று அந்த மென்பொருளுக்குத் தெரிய வழியில்லை.

செக்-இன்னைக் கடைசி நேரம் வரை தள்ளிப்போட்டால், விற்காமல் மிஞ்சிய நல்ல சீட் இலவசமாகக் கிடைக்கும் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. அதில் தர்க்கம் இருக்கிறது. மேலே சொன்னதுபோல் நல்ல சீட்டுகளைக் கடைசிவரை பிடித்து வைக்கிறார்கள். ஆனால் இருக்கும் சீட்டைவிட அதிக டிக்கெட் விற்கும் நிறுவனங்களில் இதைச் செய்யாதீர்கள். ஆட்கள் மிகுந்துபோனால், சீட் எண் கையில் இல்லாதவர்தான் முதலில் மாட்டுவார். பண்டிகை, விடுமுறைக் காலத்தில் செக்-இன் திறந்ததும் முடித்துவிடுவதே நல்லது.

ஏறியபின் காலி சீட் கண்ணில் பட்டால், சிப்பந்தியிடம் கேட்டுவிட்டு மாறுங்கள். இது வெறும் மரியாதைக்காகச் சொல்வதில்லை. எந்தப் பகுதியில் எத்தனை பேர் என்பதை வைத்து லோட் ஷீட்டில் விமானத்தின் எடைச் சமநிலையைக் கணக்கிட்டிருப்பார்கள். ஆட்கள் குறைவாக உள்ள விமானத்தில் பத்துப் பேர் தாமாகவே முன்னால் நகர்ந்தால் அந்தக் கணக்கு மாறும். ஓபன் சீட்டிங் காலத்திலும், கூட்டம் குறைவாக இருந்தால் சில வரிசைகளில் உட்கார வேண்டாம் என்று அடைத்து வைத்ததற்கு இதுவே காரணம்.

சக பயணியிடம் சீட் மாற்றிக் கேட்பதானால், உங்களிடம் உள்ளது அவர் சீட்டுக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கட்டும். ஜன்னலோரத்துக்குக் காசு கொடுத்தவரைப் பின்வரிசை நடு சீட்டுக்குப் போகச் சொல்வது சரியில்லை. அவர் மறுத்தால் அது அவர் உரிமை. நீங்கள் பிரிந்ததற்கு அவர் காரணமில்லை.

குழந்தையோடு பிரித்துப் போட்டிருந்தால், விமானத்துக்குள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். செக்-இன் கவுன்ட்டரில் சொல்லுங்கள். அங்கே முடியாவிட்டால் ஏற்றத் தொடங்கும் முன்பே கேட்டில் சொல்லுங்கள். அந்தத் திரையில்தான் இன்னும் வராதவர்களின் சீட், விற்காமல் கிடக்கும் சீட் எல்லாம் தெரியும். இரண்டு நிமிடத்தில் மாற்றிப் போட அவர்களால் முடியும். கதவைத் தாண்டிவிட்டால் சிப்பந்திகளிடம் இருப்பது மற்றப் பயணிகளிடம் கெஞ்சிக் கேட்கும் வழி மட்டும்தான்.